ஏசி/டிசி-யின் 'பவர் அப்': திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

2020 நவம்பரில் 'பவர் அப்' ஆல்பம் வெளிவந்த நாளிலிருந்து இதைப் பற்றிப் பேசும் இடமெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறேன். புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு ஒருவிதமான சந்தேகம், முப்பது வருடமாகக் கேட்பவர்களுக்கு வேறுவிதமான சந்தேகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

ஏசி/டிசி யாருன்னே தெரியாது. சுருக்கமா சொல்ல முடியுமா?

1973-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மால்கம் யங், ஆங்கஸ் யங் என்ற அண்ணன் தம்பி தொடங்கிய ஹார்ட் ராக் குழு. குடும்பம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து 1963-ல் அங்கே குடியேறியது. ஏசி/டிசி என்ற பெயர் தையல் மெஷினில் எழுதியிருந்த எழுத்துகளைப் பார்த்து அக்கா மார்கரெட் சொன்னது. ஆங்கஸ் இன்றுவரை மேடையில் போடும் பள்ளிச் சீருடையும் அந்த அக்காவின் யோசனைதான்.

தம்பி ஆங்கஸ் லீட் கிட்டார், அதாவது தனியாக எடுபடும் சோலோக்களை வாசிப்பவர். முன்னால் ஓடுவார், தரையில் உருளுவார், எல்லாக் கண்ணும் அவர்மேல்தான் இருக்கும். அண்ணன் மால்கம் ரிதம் கிட்டார், அதாவது பாட்டைத் தாங்கும் தாளத்தைக் கிட்டாரில் பிடிப்பவர். பின்னால் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) பக்கத்தில் நின்று, கோரஸ் பாட மட்டும் மைக் வரை வந்து, உடனே பழைய இடத்துக்குப் போய்விடுவார். குழுவை நடத்தியவர் பின்னால் நின்ற அந்த அண்ணன்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இது தேவைப்படும்.

'கம்பேக்'னு ஏன் சொல்றாங்க? அவங்க எப்போ போனாங்க, திரும்பி வர்றதுக்கு?

போனார்கள். ஒரேயடியாகப் போகவில்லை, ஒவ்வொருவராகப் போனார்கள். 2014 செப்டம்பரில் மால்கமுக்கு மறதி நோய் என்று குடும்பம் அறிவித்தது. அந்த நவம்பரில் வந்த 'ராக் ஆர் பஸ்ட்' ஆல்பத்தில் அவர் வாசிக்கவில்லை. அதே மாதம் டிரம்மர் ஃபில் ரட் நியூசிலாந்தில் கைதானார். மறு ஆண்டு எட்டு மாத வீட்டுக் காவல் தண்டனை கிடைத்தது. சுற்றுப்பயணத்துக்கு அவருக்குப் பதிலாக, முன்பு 'தி ரேஸர்ஸ் எட்ஜ்' காலத்தில் வாசித்த கிறிஸ் ஸ்லேட் வந்தார்.

2016 மார்ச்சில் அடுத்த அடி. மேடையில் தொடர்ந்து பாடினால் காது முழுவதுமாகப் போய்விடும் என்று மருத்துவர்கள் சொன்னதால் பாடகர் பிரையன் ஜான்சன் நடுவழியில் விலகினார். மீதிக் கச்சேரிகளை கன்ஸ் அன்ட் ரோஸஸ் பாடகர் ஆக்ஸல் ரோஸ் பாடி முடித்தார். அந்தப் பயணம் முடிந்ததும் பேஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் வில்லியம்ஸ் ஓய்வு பெற்றார். 2017 அக்டோபரில் யங் சகோதரர்களின் அண்ணனும் குழுவின் தொடக்ககால ஆல்பங்களைத் தயாரித்தவருமான ஜார்ஜ் யங் இறந்தார். நான்கே வாரத்தில், நவம்பர் 18 அன்று, 64 வயதில் மால்கமும் இறந்தார்.

பழைய ஆட்களில் மிச்சம் ஆங்கஸ் ஒருவர்தான். கதை முடிந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அப்படிப்பட்ட இடத்திலிருந்து ஜான்சன், ரட், வில்லியம்ஸ் மூவரும் திரும்பி வந்து முழு ஆல்பம் கொடுத்தார்கள். இதற்கு வேறு சொல் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சரி, ஆல்பத்துல யார் யார் இருக்காங்க?

ஆங்கஸ் யங் லீட் கிட்டார், ஸ்டீவி யங் ரிதம் கிட்டார், பிரையன் ஜான்சன் குரல், கிளிஃப் வில்லியம்ஸ் பேஸ், ஃபில் ரட் டிரம்ஸ். தயாரிப்பு பிரெண்டன் ஓ'பிரையன். 'பிளாக் ஐஸ்', 'ராக் ஆர் பஸ்ட்' இரண்டையும் தயாரித்தவரும் அவர்தான். கனடாவின் வான்கூவரில் அந்த இரண்டு ஆல்பங்கள் பதிவான அதே வேர்ஹவுஸ் ஸ்டுடியோவில்தான் இதுவும் பதிவானது.

ஸ்டீவி யார் என்று அடுத்த கேள்வி வரும். யங் வீட்டு மூத்த அண்ணன் ஸ்டீபனின் மகன். உறவுமுறையில் ஆங்கஸ் அவருக்குச் சித்தப்பா, ஆனால் இருவருக்கும் வயது வித்தியாசம் இரண்டு வருடம்கூட இல்லை. 1988-ல் மால்கம் குடிப்பழக்கத்திலிருந்து மீள ஒதுங்கியிருந்தபோது அமெரிக்கக் கச்சேரிகளில் அவருடைய இடத்தில் வாசித்தவர் இதே ஸ்டீவிதான். கூட்டத்தில் பலருக்கு ஆள் மாறியதே தெரியவில்லை என்பார்கள்.

இது 16-வது ஆல்பமா, 17-வதா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இரண்டுமே சரி. 1975-ல் ஆஸ்திரேலியாவில் மட்டும் 'ஹை வோல்டேஜ்', 'டி.என்.டி.' என்று இரண்டு ஆல்பங்கள் வந்தன. 1976-ல் அவற்றிலிருந்து பாடல்களைப் பொறுக்கி, அதே 'ஹை வோல்டேஜ்' என்ற பெயரில் உலகத்துக்கெல்லாம் ஒரே ஆல்பமாக வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியக் கணக்கில் 'பவர் அப்' 17-வது, உலகக் கணக்கில் 16-வது. சண்டை வேண்டாம்.

மால்கம் 2017-லயே இறந்துட்டார். 2020-ல வந்த ஆல்பத்துல பன்னிரண்டு பாட்டுலயும் அவர் பேர் எப்படி வந்துச்சு?

அவர் எழுதியதால் வந்தது. மரியாதைக்காகப் போட்ட பெயர் என்று நினைக்காதீர்கள். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ரிஃப் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு) உருவாக்கிப் பதிவு செய்து வைப்பது பல காலமாக நடந்த வழக்கம். 'ஸ்டிஃப் அப்பர் லிப்' வந்தது 2000-ல், அடுத்த ஆல்பமான 'பிளாக் ஐஸ்' வந்தது 2008-ல். அந்த நீண்ட இடைவெளியில், முக்கியமாக 'பிளாக் ஐஸ்' தயாரான ஆண்டுகளில், நிறைய எழுதினார்கள். ஆல்பத்தில் இடம் கிடைக்காமல் பெட்டிகளில் தங்கிப்போனவை ஏராளம். 2018-ல் ஆங்கஸ் உட்கார்ந்து அவற்றைக் கேட்டுக் கேட்டு எடுத்ததுதான் இந்தப் பன்னிரண்டு பாட்டும்.

இதில் என் மனதை இன்னும் அரிக்கும் ஒரு விஷயம் உண்டு. 'பிளாக் ஐஸ்' சுற்றுப்பயணத்தின்போதே மால்கமுக்கு மறதி தொடங்கிவிட்டது. பல வருடமாக வாசித்த பாட்டுகளை, தானே எழுதிய ரிஃப்களை, ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னும் அவர் மறுபடி படித்துக்கொண்டு மேடை ஏறினார் என்று ஆங்கஸ் சொல்லியிருக்கிறார். அவருக்கு மறந்துபோனதை டேப் மறக்கவில்லை.

அப்போ மால்கம் வாசிச்ச பழைய டேப்பை வெட்டி ஒட்டியிருப்பாங்கதானே?

இல்லை. ஆங்கஸிடம் இதை நேராகவே கேட்டிருக்கிறார்கள். அப்படி வெட்டி ஒட்டுவது மால்கமுக்கே பிடிக்காது, அதனால் வேண்டாம் என்று முடிவு செய்ததாகப் பதில் சொன்னார். ஆல்பத்தில் கேட்கும் ரிதம் கிட்டார் முழுக்க ஸ்டீவி வாசித்தது.

இது சரியான முடிவு என்று உறுதியாக நினைக்கிறேன். ஏசி/டிசி பாட்டின் உயிரே ஒரு அறையில் ஐந்து பேர் ஒன்றாக வாசிக்கும்போது வரும் அந்தச் சின்ன இழுவையில் இருக்கிறது. அதற்குள் வேறொரு வருடத்தின் கிட்டாரை ஒட்டவைத்தால் கேட்பவருக்குத் தெரிந்துவிடும். கேட்பவருக்குத் தெரிகிறதோ இல்லையோ, வாசித்தவர்களுக்குத் தெரியும்.

காது போயிடும்னு சொன்னவர் எப்படி ஒரு முழு ஆல்பம் பாடினார்?

மருத்துவர்கள் தடுத்தது மேடையை. ஸ்டுடியோவில் ஹெட்போனுக்குள் வரும் சத்தத்தை வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். பெரிய அரங்கில் டிரம்ஸுக்கும் ஆம்ப் அடுக்குக்கும் நடுவில் நிற்கும்போது அது முடியாது. ஆகவே ஆல்பத்தில் பாடுவது ஒரு கேள்வி, கச்சேரியில் பாடுவது இன்னொரு கேள்வி.

இரண்டாவது கேள்விக்கு விடை தேடிக் கொடுத்தவர் ஸ்டீபன் ஆம்ப்ரோஸ். மேடைக் கலைஞர்கள் காதுக்குள் வைத்துக்கொள்ளும் மானிட்டரை உருவாக்கிய முன்னோடி. ஜான்சனுக்கு உதவ முடியும் என்று அவரே தேடி வந்து, மாதக்கணக்கில் அவருடன் உட்கார்ந்து, செவிப்பறைக்கு அழுத்தம் தராமல் சத்தத்தைக் கொண்டுசேர்க்கும் கருவி ஒன்றைப் படிப்படியாகச் சின்னதாக்கிக் கொடுத்தார். ஆல்பம் வந்தபோது ஜான்சனுக்கு 73 வயது.

2018-லயே ரெக்கார்டிங் முடிஞ்சுதாமே. 2020 வரைக்கும் ஏன் வெளியிடலை?

பெரும்பகுதி 2018 ஆகஸ்ட், செப்டம்பரில் முடிந்தது. 2019 தொடக்கத்தில் மீதி வேலை. ஸ்டுடியோவுக்கு வெளியே ஜான்சனும் ரட்டும் நிற்கும் புகைப்படங்கள் 2018-லேயே பரவிவிட்டன. குழு வாயே திறக்கவில்லை. நாங்கள் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, இது புதுப் படமா பழைய படமா என்று இரண்டு வருடம் விவாதித்துக்கொண்டிருந்தோம்.

2020-ல் வெளியிட்டு, கூடவே சுற்றுப்பயணமும் போகத்தான் திட்டம். கொரோனா வந்து எல்லாம் தள்ளிப்போனது. கடைசியில் அக்டோபர் 7-ல் 'ஷாட் இன் தி டார்க்' பாட்டும் நவம்பர் 13-ல் முழு ஆல்பமும் வந்தன. வீட்டைவிட்டு வெளியே போக முடியாத அந்த நேரத்தில் இது வந்து சேர்ந்ததும் ரசிகர்களின் வரவேற்பில் ஒரு பங்கு என்றே நினைக்கிறேன்.

பன்னிரண்டு பாட்டும் கேட்க நேரமில்லை. எதுல ஆரம்பிக்கலாம்?

மொத்தமே 41 நிமிடம்தான், முழுசாகவே கேட்கலாம். இருந்தாலும் மூன்று சொல்கிறேன். முதலில் 'ஷாட் இன் தி டார்க்': கிட்டார் தனியாகத் தொடங்கி டிரம்ஸ் வந்து சேரும் இடத்திலேயே இது யார் என்று தெரிந்துவிடும். அடுத்து 'டீமன் ஃபயர்': ஜான்சன் வழக்கமான உச்சஸ்தாயியை விட்டுவிட்டு அடித்தொண்டையில் உறுமியபடி தொடங்குவார், வேகமான பாட்டு. மூன்றாவது 'த்ரூ தி மிஸ்ட்ஸ் ஆஃப் டைம்'. அதைப் பற்றிக் கீழே தனியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கோச்சுக்காதீங்க, எல்லாப் பாட்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?

கோபமே இல்லை. ஏசி/டிசி பற்றிய மிகப் பழைய கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. நான்கு எண்ணிக்கைத் தாளம், மூன்று நான்கு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), ப்ளூஸ் அடிப்படையில் ஒரு ரிஃப், எல்லோரும் சேர்ந்து கத்த ஒரு கோரஸ். கட்டுமானம் என்று பார்த்தால் நாற்பது வருடமாக மாறவில்லை. 'பவர் அப்'பிலும் மாறவில்லை.

ஆனால் அந்தக் கட்டுமானத்துக்குள் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். ஹெட்போன் போட்டு, ஒரு பக்கக் காதை மட்டும் கழற்றிவிட்டு 'ரியலைஸ்' பாட்டைக் கேளுங்கள். அப்புறம் பக்கத்தை மாற்றிப் போட்டுக் கேளுங்கள். இரண்டு கிட்டாரும் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கும். ஒன்று ஒரு கார்டை அடித்துவிட்டுச் சட்டென்று கையை வைத்து நிறுத்தும். அந்த இடைவெளியில் இன்னொன்று எட்டிப் பார்க்கும். கனம் என்று நாம் உணர்வது அந்த நிறுத்தத்திலிருந்து வருகிறது. ரட் ஸ்நேர் டிரம்மை அடிப்பதும் அப்படித்தான்: ஒரு மயிரிழை தாமதமாக விழுகிற மாதிரி இருக்கும், ஆனால் தாளம் தப்பாது. பெரும்பாலான குழுக்கள் இடைவெளியைக் கண்டால் நிரப்பப் பார்க்கும். இவர்கள் விட்டுவைப்பார்கள்.

இப்படிக் கேட்கப் பழகிவிட்டால் பாட்டுகள் தனித்தனியாகப் பிரியத் தொடங்கும். 'ரிஜெக்‌ஷன்' துள்ளும், 'நோ மேன்ஸ் லேண்ட்' ஊர்ந்து போகும், 'வைல்ட் ரெப்யூடேஷன்' பாட்டை பேஸ் கிட்டார்தான் இழுத்துப் போகும். பழகிய பிறகும் ஒரே மாதிரிதான் கேட்கிறது என்றால் சரி, இது உங்களுக்கான குழு இல்லை. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

ரசிகர்கள் எல்லாரும் கொண்டாடினாங்களா, இல்ல குறையும் சொன்னாங்களா?

இரண்டும்தான். கொண்டாட்டத்தின் பெரும்பகுதி ஆட்களுக்காக. ஜான்சனின் குரலும் ரட்டின் டிரம்ஸும் மறுபடி ஒரே பாட்டில் கேட்டதே போதும் என்றவர்கள் நிறைய. நீளமும் பலருக்குப் பிடித்தது. 'பிளாக் ஐஸ்' பதினைந்து பாட்டு, 55 நிமிடம், கொஞ்சம் இழுவை என்பார்கள்; 'ராக் ஆர் பஸ்ட்' 35 நிமிடத்தில் முடிந்துவிட்டது என்று குறைப்பட்டார்கள். இது நடுவில் சரியாக வந்து உட்கார்ந்தது.

குறை சொன்னவர்களில் ஒரு சாரார் ஒலியை மெருகேற்றிவிட்டார்கள், கோரஸில் பின்னணிக் குரல்களை அடுக்கிவிட்டார்கள், பழைய ஆல்பமான 'பவரேஜ்' காலத்துக் கரடுமுரடு இல்லை என்றார்கள். இதில் உண்மை இருக்கிறது. கேட்கக் கேட்க எனக்கும் சில கோரஸ்கள் கொஞ்சம் வழவழப்பாகத்தான் தெரிகின்றன. இன்னொரு சாரார், இரண்டாம் பாதியில் 'மணி ஷாட்', 'சிஸ்டம்ஸ் டவுன்' போன்றவை எண்ணிக்கைக்காகச் சேர்த்தவை என்றார்கள். 'சிஸ்டம்ஸ் டவுன்' விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. 'மணி ஷாட்' பாட்டை வாதாடிக் காப்பாற்ற மாட்டேன்.

ஒரு பாட்டில் மட்டும் இரண்டு தரப்பும் சேர்ந்துகொண்டார்கள்: 'த்ரூ தி மிஸ்ட்ஸ் ஆஃப் டைம்'. ஏசி/டிசி-யிடம் அபூர்வமாகவே கிடைக்கும், ஏக்கம் கலந்த ஒரு மெட்டு. சுவரில் தொங்கும் படங்கள், பின்னோக்கிப் பார்க்கும் நினைவுகள் என்று வரிகள் போகும். மால்கமின் பெயர் எங்கும் வராது. ஆனால் அவர் எழுதிய மெட்டுக்கு, அவர் இல்லாத அறையில், ஜான்சன் இதைப் பாடும்போது யாருடைய படம் மனதில் வரும் என்று சொல்லவா வேண்டும்? அடிதடியாக நான்கு நிமிடம் கேட்கலாம் என்று வந்த பல பெரிய ஆட்கள் இந்தப் பாட்டில் அழுததாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானும் அதில் ஒருவன்.

நம்பர் ஒன் வந்ததெல்லாம் பழைய ரசிகர்கள் சிடி வாங்கினதாலதானே? இப்போ உள்ள பசங்க யார் கேட்டாங்க?

முதல் வாரத்தைப் பற்றி மட்டும் பேசினால், ஆமாம். அமெரிக்காவில் முதல் வாரம் 1,17,000 யூனிட் (விற்பனையும் ஸ்ட்ரீமிங்கும் சேர்ந்த கணக்கு), அதில் 1,11,000 முழு ஆல்பமாக விற்றது. ஸ்ட்ரீமிங் பங்கு மிகச் சிறியது. 'ஃபார் தோஸ் அபௌட் டு ராக்', 'பிளாக் ஐஸ்' இரண்டுக்கும் பிறகு அங்கே அவர்களுக்குக் கிடைத்த மூன்றாவது முதலிடம் இது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் முதலிடம்தான்.

ஆனால் காசு கொடுத்து வாங்கினார்கள் என்பதை ஏன் குறையாகச் சொல்ல வேண்டும்? ஒரு பொத்தானை அழுத்தினால் குழுவின் பெயர் விளக்காக எரிந்து, உள்ளே இருக்கும் ஸ்பீக்கரில் 'ஷாட் இன் தி டார்க்' தொடக்கம் ஒலிக்கும் ஒரு பெட்டிப் பதிப்பும் விற்றார்கள். யூஎஸ்பி கேபிளில் சார்ஜ் செய்ய வேண்டும். சின்னப் பிள்ளை மாதிரி அதை அழுத்தி அழுத்திப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். பாட்டைக் கையில் பிடித்துப் பார்க்க ஆசைப்படும் ரசிகர்கள் இவர்கள். 2022 கிராமி விழாவில் சிறந்த ராக் ஆல்பத்துக்கான பரிந்துரைப் பட்டியலிலும் 'பவர் அப்' இருந்தது. விருது ஃபூ ஃபைட்டர்ஸுக்குப் போனது.

இதை 'பேக் இன் பிளாக்' கூட ஒப்பிடுறாங்களே, அது கொஞ்சம் ஓவர் இல்லையா?

தரத்தில் ஒப்பிட்டால் ஓவர்தான். 'பேக் இன் பிளாக்' மாதிரி ஒன்று ஒரு குழுவுக்கு வாழ்நாளில் ஒரு தடவை அமையும், அமைந்தால். நோக்கத்தில் ஒப்பிட்டால் பொருந்தும், அந்த ஒப்பீட்டைச் செய்தவரும் ஆங்கஸேதான். பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19 அன்று 33 வயதில் இறந்தார். ஐந்தே மாதத்தில், ஜூலை 25-ல், புதுப் பாடகர் ஜான்சனுடன் 'பேக் இன் பிளாக்' வந்தது. அட்டை முழுக்கக் கறுப்பு, முதல் பாட்டில் மணியோசை. அது பானுக்கு என்றால் இது மால்கமுக்கு.

வித்தியாசமும் உண்டு. 'பவர் அப்' அட்டையில் குழுவின் பெயர் சிவப்பு விளக்காக எரிகிறது. பாட்டுகளில் மணியோசை இல்லை, துக்க வார்த்தை இல்லை. 1980-ல் இழந்தது பாடகரை, ஆகவே அவருடைய இடம் காலியாகக் கிடந்தது எல்லோர் காதுக்கும் தெரிந்தது. இந்தத் தடவை இழந்தது பாட்டைக் கட்டியவரை. அவர் கட்டிய பாட்டோ அப்படியே இருக்கிறது.

மால்கம் இல்லாம இது ஏசி/டிசியே இல்லைன்னு என் நண்பர் சாதிக்கிறார். என்ன பதில் சொல்றது?

உங்கள் நண்பருக்கு மால்கமின் அருமை தெரிந்திருக்கிறது, முதலில் அதற்காகக் கை கொடுங்கள். அவர் இல்லாத குழு பழைய குழு ஆகாது என்பது உண்மை. ஆனால் அந்த வாதம் 'பவர் அப்' மேல் எடுபடாது. மேலே சொன்னபடி பாட்டுகள் அவருடையவை, ரிதம் வாசிப்பவர் அவர் வாசிப்பைச் சின்ன வயதிலிருந்து அறிந்த அண்ணன் மகன், மீதி மூவரும் அவரோடு பல வருடம் வாசித்தவர்கள். 'மால்கம் வாசிக்காத ஏசி/டிசி' என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன். 'மால்கம் இல்லாத ஏசி/டிசி' என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆக்ஸல் ரோஸ் நல்லாத்தானே பாடினார்? அவரையே வெச்சு ஆல்பம் பண்ணியிருக்கலாமே?

நன்றாகவே பாடினார். 2016 மே மாதம் லிஸ்பனில் கால் எலும்பு முறிந்த நிலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடி முதல் கச்சேரியைப் பாடினார். பல வருடமாக மேடையில் கேட்காத பான் ஸ்காட் காலத்துப் பாட்டுகளும் அவரால் திரும்ப வந்தன. அவர் அறிவிப்பு வந்ததும் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கியவர்களும் உண்டு. போய்ப் பார்த்துவிட்டு மனம் மாறியவர்களும் உண்டு. ஒரு இக்கட்டில் கைகொடுத்தவர் என்ற நன்றி அவருக்கு எப்போதும் உண்டு.

ஆனால் ஆல்பம் வேறு. மால்கமின் ரிஃப்களை எடுத்துப் பாட்டாக்கும்போது அவர் 1980-ல் தேர்ந்தெடுத்த குரல் பாட வாய்ப்பிருக்கிறது என்றால் வேறு குரலை ஏன் தேட வேண்டும்? ரட் திரும்பியதும் இதே மாதிரிதான். சிட்னியில் நடந்த மால்கமின் இறுதிச் சடங்குக்கு அவர் வந்திருந்தார். ஆள் நன்றாகத் தேறியிருந்ததை அங்கே பார்த்ததாக ஆங்கஸ் சொல்லியிருக்கிறார்.

மத்த குழுக்களோட கம்பேக் ஆல்பங்களைவிட இது எப்படி?

நேரடியாக ஒப்பிட ஒன்று உண்டு: ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சபாத் 2013-ல் கொடுத்த '13'. பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் 1978-க்குப் பிறகு முதல்முறையாக அவர்களோடு பாடிய முழு ஸ்டுடியோ ஆல்பம். ஆனால் மூல டிரம்மர் பில் வார்டு அதில் இல்லை, பிராட் வில்க் வாசித்தார். சபாத் ரசிகர்களுக்கு அந்த வருத்தம் தீரவே இல்லை. டிரம்மர் மாறினால் குழுவின் நடையே மாறிவிடுகிறது என்பதற்கு அது நல்ல உதாரணம். 'பவர் அப்'பில் ரட் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு உறைத்தது அதைக் கேட்ட பிறகுதான். டீப் பர்பிள் 1984-ல் கொடுத்த 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' தரத்தில் இதற்கு மேலே என்று சொல்வேன். அவர்களில் பெரும்பாலோர் அப்போது முப்பதுகளில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மேடையிலயும் இதே அஞ்சு பேரா?

இல்லை, இது சிலருக்கு ஏமாற்றம்தான். 2022 செப்டம்பரில் லண்டன் வெம்பிளியில் நடந்த ஃபூ ஃபைட்டர்ஸ் டிரம்மர் டெய்லர் ஹாக்கின்ஸின் நினைவுக் கச்சேரியில் ஜான்சன் மட்டும் வந்து, ஃபூ ஃபைட்டர்ஸோடும் மெட்டாலிகா டிரம்மர் லார்ஸ் உல்ரிக்கோடும் 'பேக் இன் பிளாக்' பாடினார். காது தாங்குகிறது என்று எங்களுக்குத் தெரிந்தது அன்றுதான். குழுவாக அவர்கள் மேடை ஏறியது 2023 அக்டோபர் 7, கலிஃபோர்னியாவின் இண்டியோவில் நடந்த 'பவர் டிரிப்' விழாவில். ஏழு வருடத்துக்குப் பிறகு முதல் கச்சேரி. அன்று ஓய்விலிருந்து வில்லியம்ஸ் வந்தார், ரட் வரவில்லை; டிரம்ஸில் மாட் லாக்.

2024 மே 17-ல் ஜெர்மனியின் கெல்சன்கிர்ஹனில் சுற்றுப்பயணம் தொடங்கியபோது வில்லியம்ஸும் இல்லை, பேஸில் கிறிஸ் சேனி. ஆகவே ஆல்பத்தில் கேட்கும் அந்த ஐவரை ஒன்றாகக் கேட்க வேண்டுமானால் ஆல்பம்தான் ஒரே வழி.

மால்கம் வாசிக்கலை, பாடலை, ஸ்டுடியோவுலயே இல்லை. அவரை எங்கதான் கேட்கிறது?

ரிதம் கிட்டாரை அடிக்கும் வலது கையில் கேளுங்கள். மால்கம் 1963-ம் வருடத்து கிரெட்ஷ் கிட்டார் ஒன்றை வாழ்நாள் முழுக்க வாசித்தார். வேண்டாத பிக்கப்பை (கம்பியின் அதிர்வை வாங்கும் காந்தம்) கழற்றிப் போட்டுவிட்டு, தடித்த கம்பிகள் கட்டி, ஆம்பில் இரைச்சலை அதிகம் கூட்டாமல் கையால் ஓங்கி அடிப்பார். அழுக்கில்லாத ஒலி, கனமான அடி. ஸ்டீவியும் கிரெட்ஷ்தான் வாசிக்கிறார், அதே மாதிரி அடிக்கிறார்.

'பேக் இன் பிளாக்' ஆல்பத்தை எடுத்து இடது காதில் மட்டும் கேளுங்கள், அங்கே நிற்பவர் மால்கம். பழகியதும் 'த்ரூ தி மிஸ்ட்ஸ் ஆஃப் டைம்' போட்டு, ஆங்கஸின் சோலோ வரும் இடத்தில் சோலோவை விட்டுவிட்டு அதன் அடியில் ஓடும் கார்டுகளைக் கவனியுங்கள். ஸ்டீவி எங்கே அடிக்கிறார், எங்கே கையை வைத்து நிறுத்துகிறார் என்று பாருங்கள். கச்சேரி வீடியோ கிடைத்தால் ஸ்டீவி எங்கே நிற்கிறார் என்றும் பாருங்கள். பின்னால், ஆம்ப் பக்கத்தில். கோரஸ் வரும்போது மைக் வரை வருவார், பாடிவிட்டுத் திரும்ப அதே இடத்துக்குப் போய்விடுவார்.